கிட்னியைக் காப்பாற்றிய கிராமத்துச் சோதனை!

போன மாதம் ஒரு சாயங்காலம். மயிலாப்பூர் மாட வீதியில் கறிகாய் வாங்கிய கையோடு என் வைத்தியசாலைக்குள் நுழைந்தார் ஒரு மாமி.

''டாக்டர்! எங்காத்துக்காரர் பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டார். இங்கிலீஷ் மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிடுமாமே? நீங்க வேர், பொடின்னு ஏதாவது குடுங்கோளேன்...''

''மாமி, அந்த மாத்திரையால கிட்னி போறதில்லை. மாத்திரையை நிறுத்தினாத்தான் போகும்! நாளைக்கே அவரோட டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க. அப்புறம் இங்கே வரட்டும்'' என்றேன்.

சித்த வைத்தியரே இப்படிச் சொல்கிறாரே என்று மாமிக்கு ஆச்சரியம். காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் தி.நகரிலிருந்து ஒருவர் கால் வீக்கத்தோடு என்னிடம் வந்தார். வீக்கத்துக்குக் கஷாயம் கொடுத்தேன். பிரஷர் பார்க்கவில்லை, சிறுநீரைச் சோதிக்கவும் இல்லை. ஆறே மாதத்தில் அவர் டயாலிசிஸுக்குப் போனார். அந்தத் தவறு என்னுடையது. அதன் பிறகுதான் டாக்டர் எம்.கே. மணியின் ஆராய்ச்சிகளைத் தேடிப் படித்தேன்.

யார் இந்த மணி?

சிறுநீரக நிபுணர். பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் இருந்தபோது ஜெயப்பிரகாஷ் நாராயணுக்குச் சிகிச்சை அளித்தவர். பிறகு சென்னை கிரீம்ஸ் சாலை அப்போலோவுக்கு வந்தார். 1991-ல் பத்மபூஷண் பெற்றார்.

டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் எல்லாவற்றையும் செய்தவருக்கு ஒன்று உறுத்தியது. இந்தச் செலவை எத்தனை குடும்பங்கள் தாங்கும்? நோய் முற்றிய பிறகு லட்சங்களைக் கொட்டுவதைவிட, வரும் முன் தடுக்க முடியாதா?

'கிட்னி ஹெல்ப் டிரஸ்ட்' மூலம் சென்னைக்கு அருகே சுமார் 25,000 பேர் வாழும் கிராமங்களில் இறங்கினார். பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். சிறுநீரில் சில சொட்டு ஸல்போஸாலிசிலிக் அமிலம் விட்டார்கள். கலங்கினால் புரதம் ஒழுகுகிறது என்று அர்த்தம். சர்க்கரைக்குப் பெனடிக்ட் கரைசல். அவ்வளவுதான் சோதனை! நம் தேரையர் சிறுநீரில் எண்ணெய்த் துளி விட்டு நெய்க்குறி பார்த்தது நினைவுக்கு வருகிறதா?

மருந்துகளும் மலிவானவைதான். சர்க்கரைக்கு மெட்பார்மின், கிளிபென்கிளமைடு. பிரஷருக்குக் கொடுத்தவற்றில் முக்கியமானது ரெசர்பின். இது எங்கிருந்து வந்தது தெரியுமோ? நம் சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952-ல் பிரித்தெடுத்தது! அதற்காக வேரை வாங்கி இடித்துச் சாப்பிட்டுவிடாதீர்கள். அளவு மீறினால் மனச்சோர்வு வரை கொண்டுபோய்விடும்.

பலன் என்ன? பிரஷர்காரர்களில் பெரும்பாலோருக்கு அழுத்தம் கட்டுக்குள் வந்தது. திட்டம் நடந்த ஊர்களில் சிறுநீரகத் திறன் குறைந்தவர்கள், திட்டம் எட்டாத ஊர்களைவிடக் குறைவுதான். இத்தனைக்கும் ஒரு ஆளுக்கு ஆண்டுச் செலவு கால் டாலரைச் சற்றே தாண்டியது, அவ்வளவே!

வலிக்காத நோய்

சிறுநீரகம் கெடும்போது வலிக்காது. பாதித் திறன் போன பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறுவதே தெரியும். ஆனால் சர்க்கரைக்காரர்களின் சிறுநீரில் புரதம் அதற்கு முன்பே ஒழுக ஆரம்பித்துவிடும். அதனால்தான் அந்தச் சில சொட்டு அமிலத்துக்கு இத்தனை மதிப்பு.

வீட்டில் செய்ய வேண்டியவை:

* நாற்பது தாண்டியவர்கள், சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள், குடும்பத்தில் யாருக்காவது கிட்னிக் கோளாறு இருந்தவர்கள் வருடம் ஒருமுறை சிறுநீர்ப் புரதம், கிரியாட்டினின், பிரஷர் மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

* ஊறுகாய், அப்பளம், வடாம்... உப்பைக் குறையுங்கள்.

* மூட்டு வலிக்குத் தினமும் வலி மாத்திரை வேண்டாம்.

* 'மூலிகைதானே' என்று அலட்சியம் கூடாது. ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி இரண்டிலும் அரிஸ்டோலோகிக் அமிலம் உண்டு. இதே இனத்து மூலிகையை இளைப்பதற்காகச் சாப்பிட்ட பெல்ஜியம் நாட்டுப் பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. 1993-ல் வெளியான செய்தி இது.

* சித்த மருந்து சாப்பிட்டாலும் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டு வைத்தியரிடமும் எல்லா மருந்தையும் சொல்லிவிடுங்கள்.

மாமி சொன்னபடியே மறுநாள் கணவரோடு வந்தார். பிரஷர் 170/100. சிறுநீரில் லேசாகப் புரதம்.

''பயமா டாக்டர்?'' என்றார் அவர்.

''இன்னிக்கே தெரிஞ்சுதே ஸார், அதுவே பாதி வைத்தியம்!'' என்றேன்.