அறுபதில் கூரை ஏறினால் ஏன் தடுமாறுகிறது?

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் ஒழுகலை அடைத்துவிட வேண்டுமென்ற அவசரம் காரியாபட்டி வட்டாரத்துச் சிமென்ட் ஷீட் வீடுகளிலும் உண்டு. இளவயதில் தடதடவென்று ஏறியவர் அறுபதுக்குப் பிறகு ஏன் தடுமாறுகிறார்?

காது ஒரு காரணம். உட்காதில் சமநிலையை உணரும் நுண்மயிர்ச் செல்கள் வயதாக ஆகக் குறைகின்றன. கால் தசையும் மெலிகிறது. குனிந்து போல்ட் முடுக்கிவிட்டுச் சட்டென்று நிமிர்ந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். பிரஷர் மாத்திரை சாப்பிடுவோருக்கு இந்த ஆபத்து கூடுதல். இன்னொரு எதிரியை யாரும் சந்தேகிப்பதில்லை: மூக்குக் கண்ணாடி! பைஃபோகல் கண்ணாடியின் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. அதன் வழியே பார்த்தால் ஏணிப்படி மங்கும்.

கூரைக்கும் வயதாகிறது.

வெயிலில் காய்ந்த பழைய ஷீட் அப்பளம்போல் நொறுங்கும். அதில் நேராகக் கால் வைக்கவே கூடாது. கீழுள்ள சட்டங்களின் குறுக்கே நீளப் பலகை போட்டால்தான் உடல் எடை பரவும். ஏணி 12 அடி உயரத்தில் சாய்ந்தால், அடிப்பாகம் சுவரிலிருந்து 3 அடி தள்ளியிருக்க வேண்டும். விளிம்புக்கு மேலும் 3 அடி நீண்டிருந்தால் இறங்கும்போது பிடிமானம் கிடைக்கும். பழைய ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இழை இருக்கக்கூடும். அதை அறுத்தாலோ துளையிட்டாலோ கிளம்பும் தூசி நுரையீரல் புற்றுநோய்வரை கொண்டுபோகலாம்.

எழுபதைத் தாண்டியவர் கீழே நின்று மேஸ்திரியை அதட்டலாம். அந்த வேலைக்கும் ஆள் வேண்டுமே!