நெருப்புப் பள்ளத்தாக்கில் ஒரு நாள்

பாலைவனம் என்றதும் மணற்குன்றும் ஒட்டகமுமே நம் நினைவுக்கு வருகின்றன. காலையிற் செம்மலைகளினூடே காரோட்டி, மாலையில் ஏரியில் நீந்தி, இரவிற் கூடாரத்திலே துயிலக்கூடிய பாலைவனமும் உலகில் உண்டு. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், ஒக்டோபர் மாதத்து நாளொன்றில், அத்தகைய பாலையை நாங்கள் கண்டோம்.

விடியுமுன்னரே லாஸ் வேகஸ் நகரைவிட்டுப் புறப்பட்டோம். பாலையிற் செல்வோர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர் தண்ணீராவது கொண்டுசெல்லவேண்டும் என்பர். அவ்வாறே கலன்களை நிரப்பிக் காரில் ஏற்றினோம். “இவ்வளவு சுமை எதற்கு?” என்று பிள்ளைகள் நகைத்தனர்.

ஏறக்குறைய 50 மைல் சென்றதும் நெருப்புப் பள்ளத்தாக்கு எதிர்ப்பட்டது. இளங்கதிர் பட்டதும் பாறைகள் தணலெனச் சிவந்தன. டைனோசர்கள் வாழ்ந்த காலத்து மணற்குன்றுகளே இறுகிப் பாறைகளாயின. மணலிற் கலந்திருந்த இரும்பு துருவேறியதால் வந்தது இச்செந்நிறம். பாறைச் சுவர்களிலே பண்டைய மக்கள் செதுக்கிய ஆட்டுருவங்களைக் கண்டோம். ‘எலியின் தொட்டி’ எனப்படும் பாறைக்குழியொன்றும் அங்குண்டு. மழைநீர் அதில் நெடுநாள் தேங்கிநிற்கும். 1890ஆம் ஆண்டுகளில், ‘எலி’ என்று பெயர்பெற்ற பையூட் இனத்தவர் ஒருவர் இவ்விடத்தில் ஒளிந்து வாழ்ந்தாராம். நீருள்ள இடம் அறிந்தவனே பாலையிற் பிழைப்பான்!

நண்பகலில், அருகேயுள்ள செயின்ட் தோமஸ் என்னும் ஊரை அடைந்தோம். ஊரன்று, ஊரின் எலும்புக்கூடு. 1865இல் மோர்மன் மதத்தினர் அமைத்தது. கொலராடோ ஆற்றின் குறுக்கே 1935இல் ஹூவர் அணை எழுந்தது. அதன் பின்னே பெருகிய மீட் ஏரி 1938இல் இவ்வூரை விழுங்கியது. கடைசிக் குடியானவர் படகேறி வெளியேறினார். இன்றோ அத்திவாரங்களும் படிக்கட்டுகளும் நீர்த்தொட்டிகளும் வெயிலிற் காய்கின்றன. 2000ஆம் ஆண்டிலிருந்து நீடித்த வறட்சியும், ஆறு தருவதிலும் மிகுதியாக மனிதர் எடுத்ததும் ஏரியைச் சுருக்கிவிட்டன.

“தண்ணீருக்குப் பயந்தா இவர்கள் ஓடினார்கள்?” என்று எங்கள் இளையவன் வினவினான்.

“ஆம்; பின்பு தண்ணீரே ஓடிவிட்டது” என்றோம்.

காருக்குத் திரும்பியபோது கலன்களிற் பாதி தீர்ந்திருந்தது. காலையில் நகைத்தவர்கள் வாய்திறக்கவில்லை.

வடகரைச் சாலை வழியே மலைகளையும் வறண்ட ஓடைகளையும் கடந்து, மாலையிற் போல்டர் ஏரிக்கரையை அடைந்தோம். எதிரே நீலநீர், அதற்குமேல் பாறைகளிலே வெண்பட்டை. முன்னாளில் நீர் நின்ற உயரத்தைக் காட்டும் சுண்ணப்படிவு அது. 2022இல், நிரம்பத் தொடங்கிய காலத்திற்குப் பின் கண்டிராத அளவுக்கு ஏரி தாழ்ந்தது. அந்நீரை நம்பி வாழ்வோர் ஏறத்தாழ 2.5 கோடிப் பேர்.

அங்கே நீச்சற் காவலர் இல்லை. திடீரெனக் காற்றெழுந்தால் மிதவைகளை நடு ஏரிக்கு இழுத்துச்செல்லும். ஆகவே உயிர்காப்பு அங்கி அணிந்த பின்னரே பிள்ளைகளை இறங்கவிட்டோம். பகலின் வெம்மையெல்லாம் ஒரு முழுக்கில் அகன்றது.

இரவு கரையருகே கூடாரமடித்தோம். தலைக்குமேல் விண்மீன்கள்; மேற்கு வானிலோ லாஸ் வேகஸ் நகரின் ஒளி. அந்நகர் பயன்படுத்தும் நீரில் 10இல் 9 பங்கு இவ்வேரியிலிருந்தே செல்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம். இளையவன் ஒன்றும் கூறவில்லை. தான் குடித்து எஞ்சிய அரைக் கோப்பைத் தண்ணீரைச் சிந்தாமல் கலனில் ஊற்றி, மூடியை இறுக்கிவிட்டே படுக்கச் சென்றான்.