ஏழைக்கு ஒட்டாத அபாஸ்ட்ரஃபி

நாடுகளின் கடன் தகுதிக்கு மதிப்பெண் போடும் அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு நெடுங்காலம் இருந்த பெயர் 'ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்'ஸ்'. பெயரைப் பார்த்தால் ஏழைகளுக்கும் அதில் ஏதோ பங்கிருப்பதுபோலத் தோன்றும். அப்படி ஒன்றுமில்லை. 1860-ல் அமெரிக்க ரயில்பாதைகளையும் கால்வாய்களையும் பற்றி நூல் வெளியிட்ட ஹென்றி வார்னம் புவரின் குடும்பப் பெயர் அது. 1941-ல் நடந்த இணைப்பில் 'ஸ்டாண்டர்ட்' முன்னால் வந்து சேர்ந்தது.

ஆள் பெயர் என்பதால் அங்கே உடைமையைக் காட்டும் அபாஸ்ட்ரஃபியும் 'எஸ்' எழுத்தும் உறுத்தாமல் உட்கார்ந்துவிட்டன. அதே 'புவர்' ஏழைகளைக் குறிக்கும்போது கதை வேறு. ஏழைகளின் பிரச்சினைகளை 'தி புவர்'ஸ் ப்ராப்ளம்ஸ்' என்று எழுத ஆங்கிலேயரின் கை தயங்கும். 'தி ப்ராப்ளம்ஸ் ஆஃப் தி புவர்' என்று சுற்றிவளைத்துப் போகும்.

இலக்கணம் தடை போட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. அச்சிலும் 'புவர்'ஸ்' அவ்வப்போது தலைகாட்டும். சிக்கல் அந்தச் சொல்லின் அரைகுறைப் பிறவியில் இருக்கிறது. 'தி' முன்னால் நின்றதும் உரிச்சொல் பெயர்ச்சொல்லின் வேலையைச் செய்கிறது. ஆனால் ஓர் ஏழையைக் குறிக்காது. ஏழைகள் என்ற கூட்டத்தையே குறிக்கும். அந்தப் பன்மைக்கு அடையாளமாக 'எஸ்' சேர்த்துக்கொள்ளவும் செய்யாது. அப்படிப்பட்ட சொல்லில் திடீரென்று 'எஸ்' ஒலித்தால் அது உடைமையா, பன்மையா, 'இஸ்' என்பதன் சுருக்கமா என்று காது குழம்பும். அபாஸ்ட்ரஃபி கண்ணுக்குத்தான் தெரியும், காதுக்குக் கேட்காதே! தமிழில் 'ஏழைகளின்' என்று வேற்றுமை உருபைச் சேர்த்துவிட்டு நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போகலாம்.

முன்பு இவ்வளவு கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. ஊர் ஏழைகளுக்கென்று ஒதுக்கிய நிலத்தை இங்கிலாந்தில் 'புவர்'ஸ் லேண்ட்' என்றார்கள். குளோஸ்டர்ஷையரில் 'புவர்'ஸ் அலாட்மென்ட்' என்ற பெயரில் ஓர் இயற்கைப் பாதுகாப்பிடம் இன்றும் உண்டு.

நீதிமன்றத்தில் நிலைமை நேர்மாறு. 'தி அக்யூஸ்ட்' என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். 'தி டிசீஸ்ட்' என்றால் இறந்தவர். இவை தனி ஆளையும் குறிப்பதால் முழுப் பெயர்ச்சொல்லாகவே ஆகிவிட்டன. 'தி டிசீஸ்ட்'ஸ் வில்' என்று எழுத எந்த வக்கீலும் யோசிப்பதில்லை. தகராறு வருவது ஒரே வழக்கில் பலர் சிக்கும்போதுதான். 'தி அக்யூஸ்ட்'ஸ்' என்றால் ஒருவருடையதா, எல்லோருடையதுமா? அதனால்தான் 'அக்யூஸ்ட் பெர்சன்ஸ்' என்று நீட்டுகிறார்கள். நம் ஊர் வழக்குகளில் வரும் ஏ1, ஏ2 என்ற எண்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

நாட்டினர் பெயர்களிலும் இதே பாகுபாடுதான். ஜெர்மானியர் பன்மையில் 'ஜெர்மன்ஸ்' ஆவதால் அந்த 'எஸ்'ஸின் பின்னால் ஒரு குறியைப் போட்டால் போதும். பிரெஞ்சுக்காரர்களுக்கு, அதாவது 'தி ஃப்ரெஞ்ச்'சுக்கு, அந்த வசதி கிடையாது.

அந்தத் 'தி'யே ஒருமுறை வம்புக்கு வந்தது. ஏழைகள், ஊனமுற்றோர் போன்றவர்களை 'தி' போட்டு மொத்தமாக முத்திரை குத்த வேண்டாம் என்று 2023 ஜனவரியில் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் நடைக் கையேடு ட்விட்டரில் அறிவுறுத்தியது. நியாயமான யோசனைதான். ஆனால் அந்தப் பட்டியலில் 'தி ஃப்ரெஞ்ச்'சும் இருந்தது. கேலி குவிந்தது, அமெரிக்காவிலுள்ள பிரெஞ்சுத் தூதரகமே தன் ட்விட்டர் பெயரை 'ஃப்ரெஞ்ச்னெஸ் தூதரகம்' என்று வேடிக்கையாக மாற்றிக்கொண்டது. கடைசியில் அந்தப் பதிவை நீக்கிவிட்டார்கள்.