இரும்புப் பெட்டகம் நகர்த்தல்

இரும்புப் பெட்டகம் நகர்த்தல் என்பது நகை, பணம், பத்திரம் முதலியவற்றைப் பாதுகாக்கும் கனமான இரும்புப் பெட்டியை வண்டியிலிருந்து இறக்கி, வீட்டினுள் கொண்டு சென்று, உரிய இடத்தில் நிலைநிறுத்தும் பணியைக் குறிக்கும். வீட்டுப் பயன்பாட்டுக்கான பெட்டகங்கள் 50 கிலோகிராம் முதல் 500 கிலோகிராமுக்கும் மேற்பட்ட எடை வரை அமைகின்றன. இப்பணியில் நேரும் விபத்துகளுக்குப் பெட்டியின் எடையைக் காட்டிலும் அதன் புவியீர்ப்பு மையம் இருக்கும் இடமே பெரும்பாலும் காரணமாகிறது. பெட்டகம் தூக்க முடியாததால் மட்டும் ஆபத்தானது அன்று. எதிர்பாராத சிறு சாய்விலேயே கவிழ்ந்துவிடுவதால் ஆபத்தானது.

பின்னணி

தமிழகத்திலும் புதுவையிலும் இப்பொருள் பேச்சு வழக்கில் இரும்புப் பெட்டி எனப்படுகிறது. கடைகளில் பணம் போடும் கல்லாப்பெட்டியும், வீடுகளில் துணியும் பாத்திரமும் வைக்கும் மரப்பெட்டியும் இதனினும் வேறானவை. இந்தியாவில் 1897 இல் பூட்டுத் தொழிலைத் தொடங்கிய ஆர்தேஷிர் கோத்ரெஜ், 1902 இல் பெட்டகத் தயாரிப்பிலும் இறங்கினார். தமிழ்நாட்டில் திண்டுக்கல் நகரம் பூட்டுக்கும் இரும்புப் பெட்டிக்கும் பெயர் பெற்றது. திண்டுக்கல் பூட்டு 2019 இல் புவிசார் குறியீடு பெற்றது.

புதுச்சேரி மாவட்டத்தின் ஊரகப் பகுதிகளில், எடுத்துக்காட்டாக மண்ணாடிப்பட்டு கொம்யூனைச் சேர்ந்த திருக்கனூரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், வேளாண் குடும்பங்களின் பழைய வீடுகள் திண்ணை, நடை, கூடம், முற்றம் என்ற அமைப்பைக் கொண்டவை. அண்மைக் காலத்தில் எழுந்தவை பெரும்பாலும் கான்கிரீட் மாடி வீடுகள். பெட்டகத்தை உள்ளே கொண்டு செல்வதில் இவ்விரு வகை வீடுகளும் வெவ்வேறு இடர்களைத் தருகின்றன. முதல் வகையில் திண்ணையும் வாசற்படியும், இரண்டாம் வகையில் மாடிப்படியும் தளமும் கவனிக்க வேண்டியவை. (காகிதக்கூழ்ப் பொம்மைகளுக்காகப் புவிசார் குறியீடு பெற்ற திருக்கனூரில் செய்யப்படும் பொருள்களை ஒரு குழந்தையே தூக்கிவிடும். அவ்வூருக்கு வெளியிலிருந்து வரும் பெட்டகத்தின் நிலை வேறு.)

எடைக்கான காரணம்

ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் 6 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட எஃகுத் தகடு ஏறத்தாழ 47 கிலோகிராம் எடையுள்ளது. பெட்டகத்திற்கு இத்தகைய தகடுகள் உள்ளும் புறமும் இரண்டு அடுக்குகளாகத் தேவைப்படுகின்றன. இடைவெளியில் கான்கிரீட் போன்ற கலவை நிரப்பப்படுகிறது. தீக்காப்புப் பெட்டகங்களில் நீரைத் தன்னுள் கொண்ட பொருள்கள் நிரப்பியாக அமைகின்றன. சூடேறும்போது அந்நீர் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சுவதால், உள்ளிருக்கும் தாள்கள் கருகுவது தாமதமாகிறது.

திருடர் முதலில் தாக்குவது கதவையே. ஆகவே கதவு ஏனைய பக்கங்களை விடத் தடித்ததாகச் செய்யப்படுகிறது. பூட்டும் தாழ்த் தண்டுகளும் அதனுள்ளேயே உள்ளன. இதனால் முழுப் பெட்டகத்தின் புவியீர்ப்பு மையம் நடுவில் அமையாமல் கதவுப் பக்கமாக முன்னோக்கி நகர்ந்துவிடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது புலப்படாது.

கவிழும் கோணம்

60 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம், 120 செ.மீ. உயரம், 400 கிலோகிராம் எடை கொண்ட ஒரு பெட்டகத்தை எடுத்துக்கொள்வோம். இது 8 சிமெண்ட் மூட்டைகளின் எடை. புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்திலும் முன்விளிம்பிலிருந்து 20 செ.மீ. உள்ளேயும் இருப்பதாகக் கொண்டால், அது முன்பக்கமாக ஏறத்தாழ 18 பாகை சாய்ந்ததும் தானே கவிழும். பின்பக்கமாகக் கவிழ்வதற்கு ஏறத்தாழ 34 பாகை சாய்வு வேண்டும். அதாவது ஒரே பெட்டகம் ஒரு பக்கம் மறுபக்கத்தைப் போல ஏறக்குறைய இருமடங்கு உறுதியுடன் நிற்கிறது.

வீட்டு மாடிப்படிகளில் ஒரு படியின் உயரம் 18 செ.மீ., மிதியின் அகலம் 27 செ.மீ. எனில் படிக்கட்டின் சாய்வு ஏறத்தாழ 34 பாகை ஆகும். எனவே படிக்கட்டின் சாய்வுக்கு இணையாகச் சாய்த்த பெட்டகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் தானாக நிற்காது. கதவு கீழ்நோக்கி இருப்பின் கவிழும் எல்லையை அது எப்போதோ தாண்டியிருக்கும். மேல்நோக்கி இருப்பின் எல்லைக்கோட்டில் தொங்கும். அதை நிற்க வைப்பது மனிதர்களின் தசைவலிமை மட்டுமே. ஒருவர் கால் தவறினால் முழு எடையும் கீழ்ப்படியில் நிற்பவர் மேல் வரும்.

இதே பெட்டகம் முன்பக்கமாகக் கவிழ்ந்து சமதளத்தில் விழும்போது வெளிப்படும் ஆற்றல், ஒரு சிமெண்ட் மூட்டை ஏறத்தாழ 11 அடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். ஆதலால் சரியத் தொடங்கிய பெட்டகத்தைப் பிடிக்க முயலாமல் விலகிவிடுவதே முறை. தரை உடைந்தால் மாற்றலாம். தொழிலாளர்கள் இதனை அறிந்திருப்பினும், உரிமையாளர் பதறிக் கூவும்போது கை தானாக நீண்டுவிடுவது உண்டு. பணி தொடங்கும் முன்பே இதனை எல்லோருக்கும் உரக்கச் சொல்லி வைப்பது வழக்கமாக வேண்டும்.

ஆட்களும் கருவிகளும்

ஒருவர் கையால் சுமக்கும் எடை 55 கிலோகிராமுக்கு மிகாதிருக்க வேண்டும் என்பது வயது வந்த ஆண் தொழிலாளர்களுக்குப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967 இல் அளித்த பரிந்துரை. இக்கணக்கின்படி 400 கிலோகிராமுக்கு எட்டுப் பேர் தேவை. ஆனால் நான்கு புறமும் 60 செ.மீ. அகலமே உள்ள பெட்டியைச் சுற்றி எட்டுப் பேர் நின்று, குனிந்து, பிடித்து நடக்க இடமே இல்லை. நிலைவாசலில் நுழையும்போது இரு பக்கத்து ஆட்களும் விலகியாக வேண்டும். ஆகவே தூக்குதல் என்ற முறை இங்குப் பொருந்தாது. உருட்டுதல், நெம்புதல், சறுக்குதல் ஆகியவையே பொருந்தும்.

கடப்பாரை ஒரு நெம்புகோலாகும். 120 செ.மீ. நீளமுள்ள கடப்பாரையின் முனையிலிருந்து 10 செ.மீ. தொலைவில் மரக்கட்டையைத் தாங்கலாக வைத்தால் 11 மடங்கு விசைப் பயன் கிடைக்கிறது. ஒரு விளிம்பை மட்டும் உயர்த்தும்போது எடையில் ஏறத்தாழப் பாதியே எதிர்ப்பதால், 200 கிலோகிராமை 18 கிலோகிராம் அழுத்தத்தில் கிளப்பிவிடலாம். இரண்டு விரல் அளவு உயர்ந்ததும் கட்டை செருகப்படுகிறது. கையைச் செருகக் கூடாது. விரல் நசுங்குவது பெரும்பாலும் இக்கட்டத்திலேயே நிகழ்கிறது. வாகனங்களைத் தூக்கும் ஜாக்கியும் இதற்குப் பயன்படும்.

பின்னர் அடியில் உருளைகள் இடப்படுகின்றன. இரும்புக் குழாய்களோ, புதுவைக் கடலோரப் பகுதியில் எளிதில் கிடைக்கும் சவுக்குக் கழிகளோ உருளையாகலாம். உருளை ஒரு அடி நகரும்போது அதன் மேலுள்ள பெட்டகம் இரண்டு அடி நகர்கிறது. ஆகையால் உருளைகள் பின்பக்கமாக வெளியே வந்துகொண்டிருக்கும். அவற்றை எடுத்து முன்னால் வைப்பதற்கென்றே ஒருவர் வேண்டும். நான்கு சக்கர டிராலி இருப்பின் இவ்வேலை எளிது. எனினும் சிறிய சக்கரங்கள் எடையை ஒரு காசளவு பரப்பில் குவிப்பதால், ஓடு பதித்த தரையில் கனமான பலகை விரித்த பின்னரே டிராலியைச் செலுத்த வேண்டும்.

ஊரார் பலரும் நேரில் கண்டிருக்கும் ஒரு பணி, கனமான பொருளை நகர்த்துவதன் இலக்கணத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தில் வடம் பிடிப்போர் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், தேரை நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்தினடியில் முட்டுக்கட்டை போடும் சிலரது கையிலேயே உள்ளது. பெட்டகத்திற்கும் இதுவே பொருந்தும். இழுப்பவரை விட, ஒவ்வொரு சாண் நகர்ந்ததும் பின்னால் கட்டை இடுபவரே முதன்மையானவர். ‘முட்டுக்கட்டை’ என்னும் சொல் இன்று தடங்கல் என்ற பழிப்புப் பொருளிலேயே வழங்குவது சற்று நியாயமற்றது.

வண்டியிலிருந்து கூடம் வரை

கதவைப் பூட்டிச் சாவியை வெளியே எடுத்துவிட வேண்டும். உள்தட்டுகளையும் இழுப்பறைகளையும் முன்னரே அகற்ற வேண்டும். கதவு திறந்துகொண்டால் புவியீர்ப்பு மையம் மேலும் முன்னே பாயும் என்பதால், பூட்டியபின்னும் பட்டைக் கயிற்றால் சுற்றிக் கட்டுவது நன்று. சாவியை உள்ளேயே வைத்துப் பூட்டிவிடும் தவறு நகைப்புக்குரியதாகத் தோன்றலாம்; அதனைச் சரிசெய்வது மலிவானதன்று.

குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டியின் தளமும் திண்ணையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தால், வண்டியைத் திண்ணை வரை பின்னோக்கிக் கொண்டு வந்து, இடையில் பலகைப் பாலம் அமைக்கலாம். பெட்டகம் வண்டியை விட்டு அகலும்போது வில்கள் விரிந்து வண்டியின் தளம் உயரும் என்பதையும், சக்கரங்களுக்குக் கட்டை இடாவிட்டால் வண்டி முன்னே ஓடிவிடும் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

தெரு குறுகலாயிருந்து பெட்டகத்தைத் தரையில் இறக்க நேர்ந்தால் சாய்தளம் தேவை. 2 அடி உயரத் திண்ணைக்கு 12 அடிப் பலகை இட்டால் சாய்வு 10 பாகைக்கும் குறைவு. உராய்வு நீங்கலாக, 400 கிலோகிராமுக்கு 67 கிலோகிராம் இழுவிசை போதும். அதே திண்ணைக்கு 5 அடிப் பலகை இட்டால் சாய்வு ஏறத்தாழ 24 பாகை ஆகிறது. மேலே கூறிய பெட்டகம் கதவு கீழ்நோக்கியிருந்தால் அப்பலகையில் நிற்காமல் கவிழும். இரண்டாவது பலகை தேடும் சோம்பலே பல விபத்துகளின் தொடக்கம். நீண்ட பலகையிலும் கதவுப் பக்கம் மேட்டை நோக்கியும் முதுகுப் பக்கம் பள்ளத்தை நோக்கியும் இருத்தல் வேண்டும். பள்ளத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது. கீழிருந்து தள்ளுவதற்கு மாறாக, உள்ளே தூணிலோ சுவரிலோ அன்றி, உறுதியான நங்கூரத்தில் கட்டிய சங்கிலிக் கப்பியால் மேலிருந்து இழுப்பதே பாதுகாப்பானது. பழைய வீட்டுத் தூண்கள் கூரையைத் தாங்க அமைந்தவை. பக்கவாட்டு இழுப்பைத் தாங்க அமைந்தவை அல்ல.

அடுத்தது வாசற்படி. மஞ்சள் பூசி வணங்கப்படும் மரவாசற்படியை மிதிப்பதே தவறு எனக் கருதும் வீடுகளில், அதன்மேல் பெட்டகத்தை உருட்டினால் மரம் பிளக்கும் என்ற பொறியியல் காரணமும் சேர்ந்துகொள்கிறது. படியின் இருபுறமும் அதனினும் உயரமான கட்டைகளை அடுக்கி, மேலே பலகை இட்டுப் பாலம் அமைத்தால் இரண்டுக்கும் பழுதில்லை. நிலையின் உள்ளகலத்தையும் கூடம் வரையிலான திருப்பங்களையும் பெட்டகம் வாங்கும் முன்னரே அளந்திருக்க வேண்டும். கைப்பிடியும் கீல்களும் சில விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

நல்ல நேரம் பார்த்துப் பெட்டகத்தை வைப்பது பரவலான வழக்கம். இராகு காலம் தொடங்கும் முன் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் சாய்தளத்தில் நிற்பவரை நெருக்குகிறது. முந்தைய நாளே பெட்டகத்தை இடத்தில் நிறுத்திவிட்டு, குறித்த நேரத்தில் விளக்கேற்றி முதற்பொருளை உள்ளே வைப்பதால் வழக்கம் எவ்விதத்திலும் குன்றாது.

தளத்தின் தாங்குதிறன்

இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875 (பகுதி 2), குடியிருப்பு அறைகளின் தளத்திற்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 200 கிலோகிராம் பரவிய சுமையையும், 1.8 கிலோநியூட்டன் குவிந்த சுமையையும் வடிவமைப்பு அளவாகக் கூறுகிறது. எடுத்துக்காட்டுப் பெட்டகம் தான் நிற்கும் இடத்தில் சதுர மீட்டருக்கு 1,100 கிலோகிராமுக்கு மேல் அழுத்துகிறது. கான்கிரீட் தளம் சுமையைச் சுற்றிலும் பகிர்வதால் உடனே இடிந்துவிடும் என்பதில்லை. ஆயினும் மாடியில் வைப்பதாயின் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் வைப்பது தகாது. மரச்சட்டங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு அமைந்த மெட்ராஸ் ஒட்டுத்தளம் உள்ள பழைய புதுவை வீடுகளில், சட்டத்தின் முனை சுவருக்குள் உளுத்திருப்பது வெளியே தெரியாது. அங்கு மாடியைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

வாஸ்து நம்பிக்கையின்படி பெட்டகத்தைக் கன்னி மூலையாகிய தென்மேற்கில் வைத்து, கதவை வடக்கு நோக்கித் திறக்கச் செய்வர். இந்நம்பிக்கையை ஏற்பினும் மறுப்பினும், இரு சுவர்கள் சந்திக்கும் மூலையில் தளம் நன்கு தாங்கப்பட்டிருப்பதால் அறையின் நடுவை விட மூலை மேலானதே.

நிலைப்படுத்தல்

எடை மட்டுமே காவல் என எண்ணுவது பிழை. நான்கு பேர் உள்ளே கொண்டுவந்த பெட்டகத்தை நான்கு பேர் வெளியே கொண்டு செல்லவும் இயலும். ஐரோப்பியத் தரமான இ.என். 1143-1, 1,000 கிலோகிராமுக்குக் குறைந்த தனித்து நிற்கும் பெட்டகங்களில் தரையோடு பிணைப்பதற்கான துளை இருக்க வேண்டும் என்கிறது. வீட்டுப் பெட்டகங்கள் ஏறத்தாழ அனைத்தும் இவ்வரம்பினுள் அடங்கும். திருகாணி, தரை ஓட்டையும் அதன் கீழுள்ள மணல் சாந்தையும் கடந்து கான்கிரீட்டைப் பற்ற வேண்டும். பிணைத்த பின்னரே கதவை முழுதாகத் திறத்தல் நலம். எடை குறைந்த பெட்டகம் திறந்த கதவில் ஒரு குழந்தை தொங்கினாலே முன்னே சாயக்கூடும்.

வெள்ளம்

எடை கருதிப் பெட்டகம் கீழ்த்தளத்திற்குரியது. ஆனால் சங்கராபரணி ஆற்றுப் பகுதியில் கீழ்த்தளமே முதலில் நனைவது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரு நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை பெய்தது. வீடூர் அணையின் நீரும் சேர்ந்து சங்கராபரணியில் பெருவெள்ளம் வந்தது. அத்தகைய நேரத்தில் 400 கிலோகிராம் பெட்டகத்தை மாடிக்கு ஏற்றுவது இயலாது. தீக்காப்புப் பெட்டகம் நீர்க்காப்புப் பெட்டகம் அன்று. கதவிடுக்கு வழியே நீர் புகும். எனவே வைக்கும்போதே கூடத்தின் தரைக்கு மேல் ஒன்று அல்லது ஒன்றரை அடி உயரத்தில் கான்கிரீட் மேடை கட்டி, அதனுடன் பெட்டகத்தைப் பிணைப்பதும், பத்திரங்களை நீர் புகாத உறையிலிட்டு மேல்தட்டில் வைப்பதும் பொருந்தும். மேடை கட்டினால் அதன்மீது ஏற்றவும் ஒரு சாய்தளம் வேண்டியிருக்கும் என்பதால், திண்ணைக்கு இட்ட 12 அடிப் பலகைகளை வேலை முற்றிலும் முடியும் முன் வண்டியில் திருப்பி அனுப்பிவிடக் கூடாது.