‘ரீசீட்’ என்னும் ஆங்கில வினை

ஆங்கில நூல்களைத் தமிழாக்கப் புகும் எம்மனோர்க்கு இடர் விளைப்பவை பெருஞ்சொற்கள் அல்ல. எளியனவாய்த் தோன்றும் சிறு சொற்களே. ‘ரீசீட்’ என்பது அவற்றுள் ஒன்று. (ஒலியைக் கேட்டு ‘ரசீது’ என மயங்கற்க, அது வேறு சொல்.) அகராதியைத் திறப்போர் ‘மீண்டும் உட்காரச் செய்தல்’ என்ற பொருளைக் கண்டு அம்மட்டில் அமைவர். அப்பொருள் சரியே, ஆயின் பாதியே.

முதற்கண் நோக்கத்தக்கது இது பிறவினை என்பது. ‘சிட்’ என்பது தானே இருத்தல். ‘சீட்’ என்பது பிறரை இருத்துதல். எழுந்தவன் தானே மீண்டும் அமர்ந்தானென்று கூறவேண்டின், ‘தன்னை’ என்னும் செயப்படுபொருளைக் கூட்டியே இவ்வினையை வழங்குவர். இங்கிலாந்து மன்னன் ஆறாம் ஹென்றி 1461-ஆம் ஆண்டில் அரியணையை இழந்தான். 1470-இல் வார்விக் பிரபு அவனை மீண்டும் அதில் இருத்தினான். அவ்வரசு ஓராண்டும் நிலைக்கவில்லை என்பது வேறு கதை. அமர்ந்தவன் ஹென்றியே யெனினும், ‘ரீசீட்’ என்னும் வினைக்கு எழுவாய் ஆவான் வார்விக்கே.

இனி மயக்கம் பிறக்கும் இடத்திற்கு வருவோம். இவ்வினை இருக்கையைக் குறிக்கும் பெயரினின்று பிறந்தது. ஆதலின், இருக்கையில் ஒருவரை வைத்தலையும் உணர்த்தும்; ஒன்றற்கு இருக்கையை அமைத்தலையும் உணர்த்தும். நாற்காலியை ஒருவன் ‘ரீசீட்’ செய்தான் எனின், அதனை எங்கோ உட்காரவைத்தான் என்பதன்று; பிரம்பு அறுந்த நாற்காலிக்குப் புதுப்பிரம்பு பின்னினான் என்பதே. காற்சட்டையை அங்ஙனம் செய்தலாவது, தேய்ந்த பின்புறத்திற்குப் புதுத்துணி வைத்துத் தைத்தல். நகைப்பிற்கிடமான மொழிபெயர்ப்பு இங்கே எளிதிற் பிறக்கும்!

தேவாலயங்களைக் குறித்து இச்சொல் வருமிடமோ நகைத்து விடுதற்குரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்துத் தேவாலய வரலாறுகளில், இன்ன ஆலயம் ‘ரீசீட்’ செய்யப்பட்டது என்னும் குறிப்புப் பலகாலும் வரும். சபையாரை எழுப்பி மீண்டும் உட்காரவைத்தனர் என அதனைப் பெயர்த்தால், பெரியதொரு மாற்றமே மறைந்துபோம். அந்நாளில் ஆலயங்கள் பலவற்றில் உயர்ந்த பலகைச் சுவரும் கதவும் உடைய பெட்டி போன்ற இருக்கைகள் இருந்தன. வசதியுள்ள குடும்பத்தார் அவற்றை வாடகைக்கோ உரிமையாகவோ கொண்டிருந்தனர். தேவனுடைய வீட்டிலும் ஏழை ஒதுங்கியே அமர்ந்தான். 1839-இல் தோன்றிய கேம்பிரிட்ஜ் கேம்டன் சங்கத்தார் இவ்வழக்கத்தைக் கடுமையாக எதிர்த்தனர். நாளடைவில் பல ஆலயங்களிற் பெட்டிகள் பெயர்த்தெறியப்பட்டுத் திறந்த விசுப்பலகைகள் இடப்பட்டன. இத்தனையும் அவ்வொரு வினையுள் அடங்கிக் கிடக்கின்றது. ஆகலின், செயப்படுபொருள் ஆளாயின் ‘மீள இருத்து’ என்றும், ஆலயமோ நாற்காலியோ ஆயின் ‘இருக்கை புதுக்கு’ என்றும் பெயர்த்தல் பொருந்தும் என்பது எம் கருத்து.

கம்மியர் வழக்கு இவ்விரண்டினுள்ளும் எளிதில் அடங்காது. குழாயின் அடைப்பு வந்து படியும் விளிம்பினை அவர் ‘சீட்’ என்பர்; அது தேய்ந்து நீர் கசியுமாயின், அதனைக் கடைந்து சமனாக்குதலும் ‘ரீசீட்’ ஆம். கணிப்பொறியின் நினைவகப் பலகையைக் கழற்றி, அதற்குரிய பள்ளத்தில் மீண்டும் அழுந்தப் பொருத்துதலும் அப்பெயரே பெறும். இங்குப் புதிதாக அமைப்பது ஒன்றுமில்லை. ‘மீளச் செருகு’ என்றாலே கம்மியர்க்கு விளங்கும்.