எரிமலை மேல் காற்றை அளந்தால் நம்பலாமா? கீலிங் வளைகோடு சொல்லித்தரும் அறிவியல் பாடம்

கல்லூரி வகுப்பு ஒன்றில் பருவநிலை மாற்றம் பற்றிப் பாடம் நடப்பதாக வைத்துக்கொள்வோம். திரையில் மேலே மேலே ஏறிப்போகும் ஒரு கோடு. ஹவாயில் உள்ள மௌனா லோவா மலையில், காற்றில் கலந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை அளந்து வரைந்தது. “சார், மௌனா லோவா எரிமலைதானே? அங்க போய் அளந்தா எரிமலை விடுற வாயுவும் கணக்குல வந்துடாதா?” என்கிறார் கடைசி பெஞ்ச் மாணவர்.

அருமையான கேள்வி. அளந்தவர்களுக்கும் இதே கவலை இருந்தது.

ஏன் அந்த மலை?

1958 மார்ச்சில் அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் டேவிட் கீலிங் அங்கே அளவீட்டைத் தொடங்கினார். பசிபிக் கடலின் நடுவே, சுமார் 3,400 மீட்டர் உயரம். பக்கத்தில் ஊரும் ஆலையும் காடும் இல்லை. முதலில் கிடைத்த அளவு 313 பிபிஎம். அதாவது, காற்றின் 10 லட்சம் மூலக்கூறுகளில் 313.

மே மாதம் வரை ஏறிய அளவு, பிறகு இறங்கியது, மறுபடி ஏறியது. கருவியில் கோளாறோ? அவசரப்பட்டு முடிவு கட்டாமல் அடுத்த ஆண்டும் அளந்தார்கள். அச்சு அசலாக அதே ஏற்ற இறக்கம். வடகோளத்துச் செடிகொடிகள் கோடையில் இந்த வாயுவை உறிஞ்சி, குளிர்காலத்தில் திருப்பி விடுவதுதான் காரணம். ஆனால், ஒவ்வோர் ஆண்டும் கோடு முந்தைய ஆண்டைவிடக் கொஞ்சம் மேலே இருந்தது.

எரிமலை வாயு கலக்காதா?

சில இரவுகளில் கலக்கும். அப்போது அளவு நிமிடத்துக்கு நிமிடம் தாவும். கடலிலிருந்து வரும் சுத்தமான காற்றில் மணிக்கணக்கில் சீராக இருக்கும். அந்தச் சீரான அளவுகள் மட்டுமே கணக்கில் சேரும்.

“அப்போ பிடிச்சதை மட்டும் வச்சிக்கிட்டாங்களா?” என்று அடுத்த சந்தேகம் வரலாம். வரணும். அதற்குத்தான் வேறொரு சாட்சி: தென்துருவம். 1950-களின் இறுதியிலிருந்து அங்கும் அளக்கிறார்கள். அங்கும் அதே ஏற்றம்.

காரணம் நாம்தானா?

நிலக்கரியும் பெட்ரோலும் பல கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தவை. கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகிவிடும். எனவே அவற்றில் அது மிச்சமில்லை. 1950-களில் ஹான்ஸ் சூஸ் என்ற விஞ்ஞானி மரங்களைச் சோதித்து, காற்றில் கார்பன்-14-ன் பங்கு நீர்த்துப்போனதைக் காட்டினார். பழைய கார்பன் காற்றில் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால், எரிமலைக் கார்பனும் பழசுதானே? இங்கேதான் ஆக்ஸிஜன் கைகொடுக்கிறது. எதை எரித்தாலும் ஆக்ஸிஜன் செலவாகும். எரிமலை வாயு வெளியேற அப்படிச் செலவாகாது. கீலிங்கின் மகன் ரால்ஃப் கீலிங் 1980-களின் இறுதியிலிருந்து ஆக்ஸிஜனை அளந்துவருகிறார். நாம் மூச்சுவிடச் சிக்கல் இல்லாத அளவுக்குத்தான் என்றாலும், அது குறைந்துகொண்டே வருகிறது. எரிப்பது நாம்தான்.

இன்று எங்கே நிற்கிறோம்?

2024-ன் சராசரி 424 பிபிஎம்மைத் தாண்டிவிட்டது. அன்டார்க்டிகாவின் பழம்பனியில் சிக்கிய காற்றுக் குமிழிகளைப் பார்த்தால், தொழிற்புரட்சிக்கு முந்தைய 8 லட்சம் ஆண்டுகளில் இந்த அளவு சுமார் 300-ஐத் தாண்டியதே இல்லை.

இந்தக் கோடு சுலபமாக வந்துவிடவில்லை. 1964-ல் பணம் இல்லாமல் சில மாதங்கள் அளவீடே நின்றது. 2022 நவம்பரில் மௌனா லோவா நிஜமாகவே வெடித்து, சாலையையும் மின்சாரத்தையும் துண்டித்தது. பக்கத்திலுள்ள மௌனா கியா மலைக்குப் போய் அளந்தார்கள்.

இந்தத் தரவு முழுவதும் இணையத்தில் இலவசம். போனிலேயே இறக்கி, எக்செல்லில் நீங்களே கோடு போட்டுப் பார்க்கலாம். போட்டு முடித்ததும் ஒரு கேள்வியையும் கேட்டுக்கொள்ளுங்கள்: “எது கிடைச்சா இந்த முடிவு தப்புன்னு ஒத்துக்குவேன்?” அடுத்தமுறை வாட்ஸ்அப்பில் பருவநிலை பற்றி ஏதாவது ஃபார்வர்டு வந்தாலும் இதே கேள்வி உதவும்.