மின்சாரம் நின்றாலும் வண்டி நின்றுவிடக் கூடாது



இந்த முறை வழக்கமான செய்திகளுக்குப் பதிலாக, எங்களுக்கு வந்த ஒரு கடிதத்துக்கு விரிவாகப் பதில் எழுத விரும்புகிறோம். அமெரிக்காவில் வசிக்கும் நம் ஆதரவாளர் ஒருவர் எழுதிய கடிதம் அது.

அவரிடம் 1970களில் செய்யப்பட்ட ஒரு பழைய பிக்கப் டிரக் இருக்கிறது. அதன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தேய்ந்துபோனதால், அதே கம்பெனி 1990களில் தயாரித்த வேறொரு கியர்பாக்ஸை மலிவாக வாங்கிப் பொருத்தியிருக்கிறார்கள். ஆனால் புதிதாக வந்த கியர்பாக்ஸ் ஒரு கம்ப்யூட்டர் சொன்னால்தான் கியர் மாற்றும். பழைய டிரக்கிலோ கம்ப்யூட்டரே கிடையாது. ஆகவே கல்லூரியில் படிக்கும் அவருடைய மகன், வீட்டு மேசையிலேயே அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைச் செய்துகொண்டிருக்கிறான். "இது நன்றாக அமைந்தால் உங்கள் ஆம்புலன்ஸுக்கும் ஒன்று செய்து அனுப்பலாமா? ஒவ்வொரு கியர் மாற்றும்போதும் பிரசவத்துக்கு வரும் தாய்மார் குலுங்காமல் வரலாமே" என்று தகப்பனார் கேட்டிருக்கிறார்.

கேள்வியில் இருக்கும் அன்புக்கு முதலில் நன்றி சொல்கிறோம். எங்கள் ஆம்புலன்ஸ் கையால் கியர் மாற்றும் வண்டி. அதில் அந்தப் பெட்டிக்கு வேலையே இல்லை. இவ்வளவு எழுதி முடித்துவிடலாம். ஆனால் அந்தப் பையன் செய்யும் பெட்டியை நம்பி நாளை ஒரு குடும்பம் நெடுஞ்சாலையில் போகப்போகிறது. ஆகையால் அது எப்படி வேலை செய்கிறது, எதைக் கவனிக்க வேண்டும் என்பதை எங்களால் இயன்ற அளவு எளிமையாக எழுதுகிறோம்.

எண்ணெயே யோசித்த காலம்

கிளட்ச் இல்லாமல் தானே கியர் மாற்றும் வண்டியை ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1939இல், 1940ஆம் ஆண்டு மாடலான ஓல்ட்ஸ்மொபைல் காரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஹைட்ரமேட்டிக் என்று அதற்குப் பெயர். அதன் பின் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், பெரும்பாலான வண்டிகளில் கியரை எப்போது மாற்றுவது என்று முடிவு செய்தது எண்ணெயின் அழுத்தமே.

ஒரு கதவை இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று தள்ளுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் தள்ளுவது, வண்டியின் வேகம் கூடக் கூட வளரும் எண்ணெய் அழுத்தம். மறுபக்கம் தள்ளுவது, ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க வளரும் அழுத்தமும் ஒரு ஸ்பிரிங்கும். வேகத்தின் கை ஓங்கியதும் வால்வு நகரும். அடுத்த கியர் விழும். மெதுவாக மிதித்தால் சீக்கிரமே மேல் கியருக்குப் போகும். அழுத்தி மிதித்தால், இழுக்கும் சக்தி வேண்டும் என்று புரிந்துகொண்டு கீழ் கியரிலேயே நெடுநேரம் நிற்கும். இதில் ஒரு கம்பிகூட இல்லை. அதனால்தான் பழைய டிரக்கில் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை.

1980களின் முடிவில் நிலைமை மாறியது. ஃபோர்டு கம்பெனி 1989 மாடல் டிரக்குகளில் இ4ஓடி என்ற கியர்பாக்ஸைக் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1991இல் 4எல்80-இ, 1993இல் 4எல்60-இ என்ற இரண்டைத் தன் டிரக்குகளில் பொருத்தத் தொடங்கியது. இந்தப் பெயர்களில் வரும் 'இ' எலக்ட்ரானிக் என்பதைக் குறிக்கும். கியரைப் பிடித்துக்கொள்ளும் வேலையை இன்னமும் எண்ணெயே செய்கிறது. எப்போது பிடிப்பது என்பதை மட்டும் மின்சாரம் சொல்கிறது. நம் நண்பரின் டிரக்கில் பொருத்தியிருப்பது 4எல்60-இ.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

இப்படிப் பெட்டி செய்வதில் இந்தப் பையன் முதல் ஆள் அல்ல. புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ என்ற இரண்டு அமெரிக்கர்கள் 2001இல் மெகாஸ்குவர்ட் என்ற எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டியை, எவரும் வீட்டிலேயே சால்டரிங் செய்து பூட்டிக்கொள்ளும் விதமாகக் கொடுத்தார்கள். அதன் வழியில் கியர்பாக்ஸுக்காக மெகாஷிஃப்ட் வந்தது. 2005இல் இத்தாலியில் பிறந்த ஆர்டுவினோ என்ற சிறு பலகை வந்த பிறகு, மாணவர்களுக்கும் இது எட்டும் வேலையாகிவிட்டது.

பெட்டி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வண்டியின் வேகம். கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டில் 40 பற்கள் கொண்ட ஒரு சக்கரம் இருக்கும். ஒவ்வொரு பல்லும் ஒரு காந்தச் சுருளைக் கடக்கும்போது ஒரு மின் துடிப்பு உண்டாகும். நொடிக்கு 1,000 துடிப்புகள் வந்தால் தண்டு நொடிக்கு 25 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றுகிறது. பின் அச்சின் பல் விகிதம் 3.73 என்றால் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 402 சுற்று சுற்றும். டயரின் சுற்றளவு 2.3 மீட்டர் என்றால் வண்டி மணிக்கு ஏறக்குறைய 55 கி.மீ. வேகத்தில் போகிறது. பள்ளிக்கூடக் கணக்குதான், பெட்டி அதை ஒவ்வொரு நொடியும் பல முறை போட்டுப் பார்க்கிறது.

அடுத்தது, ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறார் என்பது. பழைய கார்புரேட்டரில் அதைச் சொல்லும் சென்சார் இருக்காது. புதிதாக ஒன்று பூட்ட வேண்டும். மிதிக்காதபோது அரை வோல்ட் அளவிலும், முழுவதும் மிதித்தால் நாலரை வோல்ட் அளவிலும் அது சைகை அனுப்பும். இவற்றோடு எண்ணெயின் சூடு, பிரேக் மிதிபட்டிருக்கிறதா, கியர் லிவர் எந்த இடத்தில் இருக்கிறது ஆகியவையும் தெரிய வேண்டும்.

இவை தெரிந்ததும் பெட்டி ஒரு அட்டவணையைப் பார்க்கும். இவ்வளவு மிதி, இவ்வளவு வேகம் என்றால் இந்தக் கியர் என்று அதில் எழுதியிருக்கும். மேலே போகும் வேகமும் கீழே இறங்கும் வேகமும் ஒன்றாக இருக்கக் கூடாது. 40 கி.மீ.யில் மூன்றாவது விழுந்தால், 30 கி.மீ.க்குக் குறைந்த பிறகே இரண்டாவதுக்கு இறங்க வேண்டும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் 40 கி.மீ.யில் போகும் வண்டி இரண்டு கியருக்கும் நடுவே ஊசலாடிக்கொண்டே இருக்கும்.

கட்டளையை நிறைவேற்றுவது சொலினாய்டு. இது மின்சாரம் பாய்ந்தால் எண்ணெய் வழியைத் திறந்து மூடும் ஒரு சிறு சுருள். 4எல்60-இ கியர்பாக்ஸில் கியர் மாற்ற இரண்டு சொலினாய்டுகள் உண்டு. இரண்டுக்கும் மின்சாரம் கொடுத்தால் முதல் கியர். முதலாவதை நிறுத்தி இரண்டாவதை மட்டும் வைத்தால் இரண்டாம் கியர். இரண்டையும் நிறுத்தினால் மூன்றாம் கியர். முதலாவதை மட்டும் வைத்தால் நான்காம் கியர்.

எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க வேறொரு சொலினாய்டு இருக்கிறது. அதற்கு நொடிக்குச் சுமார் 300 முறை மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுத்து, பாயும் மின்சாரத்தின் அளவை மாற்றுகிறார்கள். ஏறக்குறைய 1.1 ஆம்பியர் பாய்ந்தால் அழுத்தம் மிகக் குறைவு. ஒன்றுமே பாயாவிட்டால் அழுத்தம் மிக அதிகம். அழுத்தம் போதாவிட்டால் உள்ளேயுள்ள கிளட்ச் தட்டுகள் வழுக்கிக் கருகிவிடும். அதிகமானால் கியர் விழும்போது வண்டி குலுங்கும், அவ்வளவுதான்.

செத்துப்போனால் என்ன செய்யும்?

மேலே சொன்னதை இன்னொரு முறை பாருங்கள். மின்சாரமே இல்லாத நிலையில் இந்தக் கியர்பாக்ஸ் மூன்றாவது கியரில், முழு அழுத்தத்தோடு நிற்கிறது. இது தற்செயல் அல்ல. கம்பி அறுந்தாலும், ஃபியூஸ் போனாலும் வண்டி வீடு வந்து சேர வேண்டும் என்று செய்தவர்களே முன்கூட்டி முடிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

ஏன் மூன்றாவது? மணிக்கு 90 கி.மீ.யில் போகும்போது பெட்டி செத்துப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் சொன்ன அதே டயர், அதே அச்சுக் கணக்கில் தண்டு நிமிடத்துக்குச் சுமார் 2,430 சுற்று சுற்றும். மூன்றாவது கியரின் விகிதம் 1. எனவே எஞ்சினும் ஏறக்குறைய அதே சுற்றுதான். ஒன்றும் ஆகாது. அந்த வேகத்தில் முதல் கியர் விழுந்தால்? அதன் விகிதம் 3.06. எஞ்சின் 7,400 சுற்றுக்கு மேல் சுற்றியாக வேண்டும். பழைய டிரக் எஞ்சின் அதைத் தாங்காது. பின் சக்கரங்களும் சட்டென்று பிடிபட்டு வண்டி திரும்பிவிடலாம். மூன்றாவதில் நின்ற இடத்திலிருந்து கிளம்புவது கஷ்டம்; மேடு ஏற மூச்சு வாங்கும். ஆனாலும் நகரும். லிவரைத் தள்ளினால் ரிவர்ஸும் விழும்.

எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும் எமர்ஜென்சி விளக்கும் இப்படித்தான். கரண்ட் இருக்கும்வரை ஒரு ரிலே இழுத்துப் பிடிக்கப்பட்டிருக்கும். கரண்ட் போனதும் பிடி தளரும், விளக்கு எரியும். யாரும் ஓடிப்போய் சுவிட்சைப் போட வேண்டியதில்லை. கை விட்டாலே நல்ல நிலைக்கு வந்து சேர வேண்டும் என்பதுதான் இரண்டுக்கும் பொதுவான விதி.

வீட்டில் பெட்டி செய்பவர் இந்த விதியைத் தெரியாமலே கெடுத்துவிட முடியும். மைக்ரோகன்ட்ரோலர் புதிதாகத் தொடங்கும் ஒரு கணம், அதன் கால்களில் என்ன சைகை இருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த நேரத்தில் சொலினாய்டு தானாக இயங்கிவிடாதபடி, ஒவ்வொரு மாஸ்ஃபெட்டின் வாசலிலும் அதை அணைத்தே வைக்கும் ஒரு ரெசிஸ்டர் வேண்டும். நிரல் எங்காவது மாட்டிக்கொண்டால் கடைசியாகச் சொன்ன கியரிலேயே நின்றுவிடும். ஆகவே, பதில் வராவிட்டால் பெட்டியைத் தானே அணைத்துத் தொடங்கும் காவல் கடிகாரத்தை இயக்கி வைக்க வேண்டும். வேகச் சென்சாரின் கம்பி அறுந்தால் துடிப்பு வராது. பெட்டியோ வண்டி நின்றுவிட்டது என்று எண்ணி முதல் கியரைப் போடப் பார்க்கும். 90 கி.மீ.யிலிருந்து ஒரு நொடியில் எந்த வண்டியும் நிற்காது. அப்படிப்பட்ட செய்தியை நம்பாமல் மூன்றாவதிலேயே இருக்கும்படி நிரலில் எழுத வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது 12 வோல்ட் பாட்டரி 9 வோல்டுக்கும் கீழே இறங்கக்கூடும். சொலினாய்டை அணைக்கும் கணத்தில் அதன் சுருள் எதிர்த்து ஒரு பெரிய வோல்ட்டை வீசும். அதை வாங்கிக்கொள்ள டயோடு வேண்டும். மேசைமேல் அழகாக ஓடிய பெட்டி வண்டியில் ஏறியதும் செத்துப்போவதற்கு, பெரும்பாலும் இவையே காரணம்.

தம்பிக்கு எங்கள் வேண்டுகோள்

அன்புத் தம்பி, பெட்டியை நேராக வண்டியில் பூட்டிவிட வேண்டாம். முதலில் மேசைமேல், கியர் மாற்றும் இரண்டு சொலினாய்டுகளின் இடத்தில் இரண்டு சிறிய 5 வாட் பல்புகளை வைத்து ஓட்டுங்கள். சொலினாய்டு அரை ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பல்பும் ஏறக்குறைய அவ்வளவே இழுக்கும். பொய்யான துடிப்புகளைக் கொடுத்து, எந்த வேகத்தில் எந்தப் பல்பு எரிகிறது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபியூஸைப் பிடுங்குங்கள். வேகச் சென்சாரின் கம்பியைக் கழற்றுங்கள். ஆக்ஸிலேட்டர் சென்சாரைக் கழற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் பெட்டி என்ன செய்தது என்று எழுதி வையுங்கள். எல்லாமே மூன்றாவது கியரில் போய் முடிந்தால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள். வண்டியில் பூட்டிய பிறகு முதல் ஓட்டம் ஆளில்லாத மைதானத்தில், மெதுவான வேகத்தில், அனுபவம் உள்ள ஒரு மெக்கானிக் பக்கத்தில் இருக்க, நடக்கட்டும். அப்பாவும் தங்கைகளும் ஏறுவது அதற்குப் பிறகுதான்.

எங்கள் ஆம்புலன்ஸைப் பற்றிய பதிலையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஆட்டோமேட்டிக் கியர் இந்தியாவுக்குப் புதிதல்ல. இங்கே 2014இல் மாருதி செலேரியோ வந்தது முதல், சாதாரணக் கியர்பாக்ஸிலேயே கிளட்ச்சையும் கியரையும் இயந்திரமே இயக்கும் கார்கள் நம் ஊர்ச் சாலைகளிலும் ஓடுகின்றன. ஆனால் அவை தொழிற்சாலையிலேயே அப்படிச் செய்யப்பட்டுச் சோதிக்கப்பட்டவை. நம் நாட்டில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவின்படி, தயாரித்தவர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை நம் விருப்பம்போல் மாற்ற அனுமதிப்பதில்லை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நள்ளிரவில் இரத்தப்போக்கோடு ஒரு தாய் பின்னால் படுத்திருக்கும்போது, வண்டியைப் பரிசோதனை செய்ய எங்களுக்கு உரிமை இல்லை. அந்தத் தாய் குலுங்காமல் வருவதற்கு, நல்ல ஸ்பிரிங் பட்டைகளும், தேயாத கிளட்ச் தட்டும், பொறுமையான ஓட்டுநரும் இன்றைக்குப் போதும்.

ஆகவே, ஐயா, பெட்டியை எங்களுக்கு அனுப்ப வேண்டாம். உங்கள் மகன் அதைச் செய்து முடிக்கட்டும். ஃபியூஸைப் பிடுங்கிய அன்று என்ன நடந்தது என்று எழுதிய அந்த நோட்டின் நகலை மட்டும் எங்களுக்கு அனுப்பி வையுங்கள். பழைய வண்டிகளைப் போற்றி வைத்திருக்கும் இந்தச் செட்டிநாட்டில், அதை ஆசையோடு படிக்கும் இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள்.



இப்படிக்கு,
வலையபட்டி மருத்துவமனை ஊழியர்கள்